ஏட்டைத் திருத்தியவர்கள்

பிறப்பால் உயர்வு பேசுவோர்க்கு ஒரு சோதனை வந்தே தீரும். தாம் போற்றும் கலையின் வேரிலேயே தாம் இழித்துரைக்கும் குலம் இருப்பதைக் காணும் சோதனை அது! அன்று அவர்கள் எதை விடுவர்? குலப்பெருமையையா, கலையையா? வியன்னா நகரத்து வரலாறு விடை கூறுகிறது.

19ஆம் நூற்றாண்டில் அந்நகரை ஆட்டிவைத்தவை வால்ட்சும் போல்காவும். மும்மூன்றாய் எண்ணிச் சுழல்வது வால்ட்சு. இரண்டிரண்டாய் எண்ணித் துள்ளுவது போல்கா. வால்ட்சு அரண்மனையில் பிறந்ததன்று. ஆஸ்திரிய, தென் ஜெர்மானிய நாட்டுப்புற ஆடலிலிருந்து எழுந்தது. ஆணும் பெண்ணும் அணைத்தபடி சுழல்வதா எனப் பழமைக் காவலர் சீறினர். சீறியவர் ஓய்ந்தனர், சுழன்றவர் ஓயவில்லை.

அவ்விசையின் மன்னன் எனப் புகழப்பெற்றவர் இளைய யோகான் ஸ்ட்ராஸ் (1825–1899). தந்தை மூத்த ஸ்ட்ராஸும் புகழ்மிக்க இசைவாணரே. ஆயினும் மகன் இசைத்துறைக்கு வருவதை அவர் விரும்பவில்லை. மகனோ 1844இல் தன் சொந்த இசைக்குழுவோடு மேடையேறினார். 1867இல் 'நீல டான்யூப்' பிறந்தது. 1868இல் 'இடியும் மின்னலும்' என்னும் விரைவுப் போல்கா.

அந்தப் போல்காவை நம் வகுப்பறையில் ஒருநாள் ஒலிக்கச் செய்தோம். பெருமுரசு இடியாய் உருள, வெண்கலத் தட்டுகள் மின்னலாய்ச் சிதற, பிள்ளைகளின் கால்கள் தாமே தாளமிட்டன. "ஐயா, இன்னொரு முறை!" என்றனர். இயற்றியவர் எக்குலத்தார் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

இட்லரின் ஆட்சி கேட்டது! 1938இல் ஆஸ்திரியாவை விழுங்கிய நாசிகள், ஸ்ட்ராஸைத் தம் இனத்தின் மாமணி என்றனர். ஆனால் வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத் திருமணப் பதிவேட்டில் 1762ஆம் ஆண்டுக் குறிப்பொன்று கிடந்தது. மூத்த ஸ்ட்ராஸின் பாட்டனார், திருமுழுக்குப் பெற்ற யூதர் என்றது அது.

யூதராய்ப் பிறந்தார் என்பதற்காக மெண்டல்சனின் இசையையே மேடையிலிருந்து விரட்டியவர்கள் அவர்கள். ஸ்ட்ராஸை விரட்டினரோ? இல்லை! மக்கள் விரும்பும் இசையை இழக்க மனமில்லை. செய்தி வெளியே கசியலாகாது எனத் தடுத்தார் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ். பதிவேடு பெர்லினுக்குச் சென்றது. அக்குறிப்பு இல்லாத போலிப்படி வியன்னாவுக்குத் திரும்பியது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அதே ஆட்சி ஆஸ்திரிய யூதருள் ஏறத்தாழ 65,000 பேரின் உயிரைக் குடித்தது. ஏட்டிலே 'யூதர்' என்று இருந்ததால் அவர்கள் மாண்டனர். அதே சொல்லை ஏட்டிலிருந்து அகற்றிவிட்டு, இசையை மட்டும் வைத்துக்கொண்டனர் கொன்றவர்கள். குருதியிலேதான் திறமை குடியிருக்கிறது என்று மெய்யாகவே நம்பியவர்கள், ஒற்றை வரிக்கு அஞ்சி நடுங்குவானேன்?

மூல ஏடு அழியவில்லை. போருக்குப் பின் வெளிப்பட்டது. பிறப்பைக் காட்டிக் கலைக்கு உரிமை கொண்டாடுவோர் எவராயினும், எந்நாட்டவராயினும், அவர் முன்னே அந்தப் போலி ஏட்டின் கதையை வையுங்கள்.