காணாமல் போன நீல நத்தை

நத்தை என்றாலே முதுகில் ஓடு. ஆபத்து வந்தால் உள்ளே போய்விடலாம், வெயில் அடித்தால் மூடிக்கொள்ளலாம். அந்த ஓட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்ட நத்தைகள் கடலில் ஆயிரக்கணக்கான வகைகளில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘சீ ஸ்லக்’ என்பார்கள். நம் ராமேஸ்வரம் பக்கம் பேசப்படும் கடல் அட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடல் அட்டை நட்சத்திர மீனுக்குச் சொந்தம். இதுவோ தோட்டத்து நத்தைக்குச் சொந்தம்.

வேடிக்கை என்னவென்றால், இவை பிறக்கும்போது ஓட்டோடுதான் பிறக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் பொடிக் குஞ்சுக்கு மிக மிகச் சிறிய ஓடு ஒன்று உண்டு. பெரும்பாலான வகைகளில் அந்தக் குஞ்சு கொஞ்ச காலம் நீரோட்டத்தோடு மிதந்து திரியும். தனக்குப் பிடித்த இரை இருக்கும் இடம் வந்ததும் இறங்கி, ஓட்டைக் கழற்றிவிட்டு ஊரத் தொடங்கும்.

ஓடு இல்லாமல் எப்படிப் பிழைப்பது? சாப்பாட்டிலிருந்தே கவசம் தேடிக்கொள்கின்றன. சில நத்தைகள், தொட்டால் கொட்டும் கடல் சாமந்தி போன்றவற்றைத் தின்னும். தின்ற கொட்டும் செல்களில் சிலவற்றை வெடிக்காமல் முதுகிலுள்ள விரல் போன்ற நீட்சிகளின் நுனிக்கு அனுப்பிச் சேமித்துக்கொள்ளும். அடுத்தவன் வாங்கிய பட்டாசை நம் சட்டைப் பையில் ஒளித்து வைப்பது மாதிரி. வேறு சில, கடற்பஞ்சைத் தின்று அதிலுள்ள கசப்பு ரசாயனத்தைத் தன் தோலில் ஏற்றிக்கொள்ளும். ‘என்னைக் கடித்தால் வாய் கசக்கும்’ என்று மீன்களுக்குச் சொல்லத்தான் அந்தப் பளீர் நிறங்கள்.

இப்படிக் கடற்பஞ்சு தின்னும் நத்தைகளில் ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் அளவுக்கு வளரும். ஆழ்ந்த நீல உடம்பு, அதில் மஞ்சள் பொட்டுகள், பின்பக்கம் சின்னப் பூப்போல விரியும் செவுள். கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் எட்டிப் பார்த்தாலே தெரியும். 20-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தெற்குக் கலிபோர்னியாவில் அது சாதாரணமாகக் கண்ணில் படும் ஜீவன்.

பிறகு குறைந்தது. 1977 வாக்கில் பெருநிலக் கரையில் அதைப் பார்க்க முடியவில்லை. 1984-க்குள் தீவுகளிலும் இல்லை. அந்த மாநிலத்தில் யார் கண்ணிலுமே படவில்லை.

இதற்குக் காரணமாக ஆய்வாளர்கள் முதலில் கை காட்டுவது பல ஆண்டுகளாகக் கடலில் கலந்த நகரக் கழிவை. லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற பெருநகரத்தின் சாக்கடை நீரும் டிடிடி போன்ற ரசாயனங்களும் அந்தக் கடலில்தான் போய்ச் சேர்ந்தன. ஒரே வகை இரையை நம்பி, ஓராண்டு அளவில் முடிந்துவிடும் வாழ்க்கை வாழும் ஜீவனுக்கு, தொடர்ந்து சில ஆண்டுகள் குஞ்சுகள் வந்து சேராவிட்டால் போதும், கதை முடிந்தது.

இங்கே யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த நத்தையை யாரும் விற்பதில்லை, குழம்பு வைப்பதில்லை. மீன் குறைந்தால் சந்தையில் விலை ஏறி ஊருக்கே தெரிந்துவிடும். நீல நத்தை இல்லாமல் போனால் யாருக்குத் தெரியும்? தெரிந்தது, ஏனென்றால் கடல் நன்றாக வற்றும் நாளைப் பார்த்துக் குளிரோடு குளிராகப் பாறைக்குப் போய்க் குனிந்து தேடி, என்ன கண்டோம் என்று நோட்டில் எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஆய்வாளர்களும் உண்டு, வெறும் ஆசைக்காகப் போனவர்களும் உண்டு. ‘இன்று பார்த்தோம்’ என்று எழுத எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். ‘இன்றும் பார்க்கவில்லை’ என்று வருஷக்கணக்கில் எழுதத்தான் பொறுமை வேண்டும்.

2003-ல் சாண்டா காடலினா தீவில் அது மறுபடி கண்ணில் பட்டது. லாஸ் ஏஞ்சலீஸ் கரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், படகில் போனால் ஒரு மணி நேரம். அதன்பின் பெருநிலக் கரையிலும் சில இடங்களில் தென்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 1972-ல் வந்த சுத்த நீர்ச் சட்டத்துக்குப் பிறகு, கழிவைச் சுத்திகரித்துக் கடலில் விடும் முறை மெல்ல மெல்ல மேம்பட்டிருந்தது.

வரவு எல்லாம் நல்ல செய்தி என்றும் சொல்லிவிட முடியாது. அதே கரையில் ‘ஹாப்கின்ஸ் ரோஸ்’ என்று ஒரு நத்தை உண்டு. உடம்பெல்லாம் பஞ்சுமிட்டாய் நிறம். வெதுவெதுப்பான தெற்குப் பக்கத்துக்காரி. 2015 ஜனவரியில் அது வடக்குக் கலிபோர்னியாவின் பாறைக் குழிகளில் கும்பல் கும்பலாக வந்து நின்றது. பார்த்தவர்கள் அழகில் மயங்கினார்கள். ஆய்வாளர்களுக்கோ கவலை, கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடாகியிருப்பதற்கு அது அடையாளம்.

அந்தப் பாறைகளில் தேடுபவர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். கல்லைப் புரட்டினால், அடியில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருந்தபடியே மெதுவாகத் திருப்பி வைத்துவிட வேண்டும். கல்லின் அடியில் ரிப்பனைச் சுருட்டி ஒட்டிய மாதிரி ஏதாவது தெரியும். அது நத்தையின் முட்டைச் சரம். ஒரே ரிப்பனில் ஆயிரக்கணக்கான முட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சீக்கிரம் கழற்றிப் போடப்போகும் ஓர் ஓடு.