மாமாவின் .315

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு

மாமா விடிகாலை பஸ்ஸில் பாலமேட்டிலிருந்து வந்து இறங்கிவிட்டார். மஞ்சப்பையில் பாஸ்போர்ட், துப்பாக்கி லைசென்ஸ், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மகன் அனுப்பிய தாள்.

"மாப்ள, ஜூன் மாசம் ஆப்பிரிக்கா போறேன். வேட்டைக்கு. ரைபிளையும் கொண்டுட்டுப் போகணும். என்னென்ன பேப்பர் வேணும்னு பாரு."

வருமான வரிக் கணக்கு எழுதுகிறவனுக்கு எல்லாப் பேப்பரும் ஒன்றுதான் என்று அவருக்கு நினைப்பு. அத்தை போனதிலிருந்து அவர் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. சரி என்றேன்.

பிப்ரவரி 15

மூன்று ராத்திரி இதையேதான் படித்தேன். ஆயுதச் சட்டம் 1959, பத்தாவது பிரிவு: லைசென்ஸ் உள்ளவர் சொந்த உபயோகத்துக்கு, நியாயமான அளவில், துப்பாக்கியையும் தோட்டாவையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம். சட்டம் ஒரு வரியில் விட்டுவிடுகிறது. மற்றதெல்லாம் வால். மாமாவின் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். மும்பை வழியாகப் போனால் போதாது. விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிச் சம்மதம் வாங்க வேண்டும். பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டி, உள்ளே காலித் துப்பாக்கி. தோட்டா தனி பேக்கிங், ஓர் ஆளுக்கு 5 கிலோவுக்கு மேல் கூடாது. நடுவில் எந்த நாட்டில் இறங்கி ஏறினாலும் அந்த நாட்டுக்காரனுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்க போலீசுக்கு எஸ்.ஏ.பி.எஸ். 520 என்று ஒரு படிவம். கறுப்பு மையில்தான் நிரப்ப வேண்டும். அங்கே போய், அந்த ஊர் போலீஸ் அதிகாரி முன்னால்தான் கையெழுத்து. ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை. எதற்காகத் துப்பாக்கி கொண்டுவருகிறாய் என்று தனிக் கடிதம் கேட்கிறார்கள். மாமா சார்பில் நான் என்ன எழுதுவது?

பிப்ரவரி 25, ஞாயிறு

தோப்புக்குப் போயிருந்தேன். சிறுமலை அடிவாரம், மா பூத்து முடிந்து பிஞ்சு பிடிக்கிற நேரம். மாமா பீரோவிலிருந்து ரைபிளை எடுத்துக் கட்டிலில் கிடத்தினார். இசாப்பூர் ஃபேக்டரியில் செய்த .315. .303 ராணுவத்துத் தோட்டா. சாதாரண ஜனம் தொடக்கூடாது. அதனால் உள்ளூர்க்காரனுக்கென்று தனி அளவில் அடித்துக் கொடுத்தது இது. தென்னாப்பிரிக்கக் கடைகளில் இந்தத் தோட்டா கிடைக்காது என்று மகன் சொல்லிவிட்டான். சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.

வாங்கியவர் தாத்தா. மிளா அடித்த கதை, முயல் அடித்த கதை எல்லாம் அவரோடு சரி. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. அதன்பின் மாமா கைக்கு வந்த ரைபிள் வானத்தைப் பார்த்துத்தான் சுட்டிருக்கிறது, பன்றியை வெருட்ட. இவர் இதுவரை ஒரு மிருகத்தையும் சுட்டதில்லை. எழுபது வயதுக்கு மேல் என்ன ஆசை என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் முறை வேறு. வேலி அடித்த பண்ணைக்குள் திரியும் மான் பண்ணைக்காரனின் சொத்து. 1991-இல் அதற்கே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். இம்பாலாவுக்கு இவ்வளவு, குடுவுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். காயம்பட்டு ஓடித் தப்பிவிட்டாலும் முழுக் காசு. மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நம்ம கரும்பத் தின்ன பன்னிக்கு ஒரு பட்டியல் போட்டா கவர்மெண்ட் எனக்கு எவ்வளவு தரணும்?" அத்தை இறந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மார்ச் 16, சனி

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. நடத்தை விதி இன்றே அமல். லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எனக்கு ஏனோ இது ஞாபகத்திலேயே இல்லை. மாமாவுக்கு இருந்திருக்கிறது. போன் செய்தால் எடுக்கவில்லை.

மார்ச் 21

ஒப்படைத்தாயிற்று. பேங்க் காவலாளிக்கு விலக்கு உண்டு, போட்டிக்குச் சுடுகிறவர்களுக்கு உண்டு. ஆப்பிரிக்கா போகிறவருக்கு என்று எதுவும் இல்லை. மாமா டிக்கெட்டைக் காட்டிப் பார்த்தார். ஏட்டு தம்பி மரியாதையாகவே பேசினார்: "அய்யா, ஜூன்ல வந்து வாங்கிக்கங்க. பத்திரமா இருக்கும்."

உள்ளறையில் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல், எல்லாவற்றிலும் நூல் கட்டிச் சீட்டுத் தொங்கியது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801-இல். அப்போதே இந்தச் சீமையில் ஆயுதத்துக்குத் தடை போட்டது கும்பினி. 1878-இல் அதை நாடு முழுவதுக்கும் சட்டமாக்கினார்கள். இதையெல்லாம் அங்கே நின்று மாமாவிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. சீட்டு கட்டுகிறவரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரசீதை என்னிடம் கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில் அலங்காநல்லூரில் டீ. சர்க்கரை ஜாஸ்தியாகப் போடச் சொன்னார்.

மார்ச் 24

ராத்திரி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மாமாவின் மருமகள். குழந்தைகள் படிப்பு, அங்கே கரண்ட் போகிற கொடுமை என்று ஏதேதோ பேசினாள். வைக்கப்போகும்போது, "அண்ணே, ரைபிள் ஸ்டேஷன்லதானே இருக்கு?" என்றாள். ஆமாம்மா என்றேன். "தோட்டாவும்?" அதுவும்தான்.

மார்ச் 30

மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டாயிற்று. போன 2019-இல் தேர்தலும் சித்திரைத் திருவிழாவும் ஒரே நாளில் விழுந்து, மதுரையில் ராத்திரி எட்டு மணி வரை ஓட்டுப் போட விட்டார்கள். இந்தத் தடவை நாலு நாள் தப்பித்தோம்.

ஏப்ரல் 23

அழகர் ஆற்றில் இறங்கினார். மாமா முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். விடிகாலைக் கூட்டத்தில் என் தோளைப் பிடித்தபடியே நின்றார். நன்றாகச் சாப்பிட்டார். இன்னும் ரெண்டு நாள் இருங்கள் என்று என் மனைவி சொன்னதற்கு, தோப்பில் தண்ணி பாய்ச்ச ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார்.

மே 12, ஞாயிறு

சண்டை. மகன் வீடியோ காலில் சொன்னான்: "அப்பா, இங்க வாடகைக்கே ரைபிள் தருவாங்க. ஒரு பேப்பரும் வேண்டாம். நீங்க வந்தாப் போதும்." மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. "வாடகை ரைபிள்ல நான் எதுக்குடா சுடணும்?" அவன் விடவில்லை. வேட்டையே வேண்டாம், சும்மா வந்து ஒரு மாசம் இருங்கள் என்றான். இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளித் திண்ணைக்குப் போய்விட்டார்.

அவன் என்னிடம் கேட்டது: "மாப்ளைங்கிற உரிமையில நீங்க சொல்லக் கூடாதா அத்தான்? அது எங்க வீட்டுக்குத் திரும்ப வரவே வேண்டாம்." அங்கே கொண்டுவரத்தானே முதலில் சொன்னாய் என்றேன். "கொண்டுவந்தா இங்கேயே வித்துடலாம்னு இருந்தேன்" என்றான்.

வெளியே வந்தபோது மாமா மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பிரித்தேன். கல்லாமை தனி, வெம்பல் தனி.

மே 20

நேற்று நல்ல கோடை மழை. மாமா தானாகவே போன் செய்து சொன்னார்.

ஜூன் 4

நாளெல்லாம் டி.வி.

ஜூன் 8, சனி

நடத்தை விதி ஆறாம் தேதியோடு முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து போன், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி. மாமாவுக்கும் சொல்லியிருக்கிறார்கள். லைசென்ஸ்காரர் நேரில் வர வேண்டும், ரசீது வேண்டும். திங்கள் போகலாமா என்றார். திங்கள் எனக்கு ஒரு கணக்கு முடிக்க வேண்டியிருக்கிறது என்றேன். அப்படி அவசரக் கணக்கு எதுவும் இல்லை.

ஜூன் 13

"மாப்ள, ரசீது ஒன்கிட்டதானே இருக்கு?"

என்னிடம்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வந்து தங்குங்கள், பிறகு சேர்ந்து போவோம் என்றேன். மாங்காய் அறுப்பு முடியட்டும் என்றார். மகனிடம் பேசினீர்களா? பேசினாராம். டிக்கெட்டை ஆகஸ்டுக்கு மாற்றியிருக்கிறான். சீசன் அதுவரை இருக்கிறதாம். விமானக் கம்பெனிக்கு இப்போதே எழுதிப் போட வேண்டும். பாதிக் கடிதம் அடித்து வைத்திருக்கிறேன். எந்தத் துப்பாக்கி என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை.