ஏழு இடங்களில் மௌனம்

நண்பர் இறந்து இரண்டு வருஷமாகிறது. கவிஞர். தொகுப்பு எதுவும் வரவில்லை. நோட்டுகளில் கிடந்த 112 கவிதைகளை அவர் பெண்ணும் நானும் பாதிப்பாதியாக டைப் செய்து ஒரே ஃபைலாக்கினோம். சரிபார்ப்பது என் பொறுப்பு.

பல வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், "உங்க கவிதையில மௌனம் ரொம்பச் சத்தம் போடுது" என்று அவரிடம் சொன்னேன். அப்போது அது கெட்டிக்கார வாக்கியமாகப் பட்டது. அதன்பின் அவர் எனக்குக் கவிதை காட்டியதில்லை.

நான் உபயோகிக்கும் எடிட்டர் விம். சாய்வுக்கோட்டைத் தட்டி வார்த்தையைக் கொடுத்தால் முதல் இடத்தில் போய் நிற்கும். 'என்' என்ற ஆங்கில எழுத்தை அழுத்த அழுத்த அடுத்த அடுத்த இடம். கடைசியைத் தாண்டினால் மறுபடி ஆரம்பத்துக்கே வந்துவிடும். 'மௌனம்' என்று தேடினேன். ஏழாவது அழுத்தலில் பழைய முதல் கவிதை வந்து நின்றது. 112 கவிதைகளில் ஏழே இடங்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள்தான் புத்தி வந்தது. இயந்திரத்துக்கு எழுத்துவரிசை தெரியும், இலக்கணம் தெரியாது. மௌனத்தில், மௌனமாய், மௌனங்கள் எதிலும் 'மௌனம்' கிடையாது. வேற்றுமை ஏறியதும் கடைசி மகரமெய் போய்விடுகிறது, அல்லது உருமாறிவிடுகிறது. 'மௌன' என்று வெட்டித் தேடினேன்: 29. எல்லாம் நான் டைப் செய்த பாதியில். அவர் பெண்ணின் பாதியில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் 'மெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டிருந்தாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு ஔகாரக் குறி வேறு, ளகரம் வேறு. அப்படி ஒளிந்திருந்தவை 24. ஆக 53.

நான் சொன்னது சரியாகிவிட்டது. சந்தோஷமாக இல்லை.

ளகரங்களைத் திருத்திவிட்டுக் கடைசியாக ஒரு முறை எண்ண நினைத்தேன். விம்மில் எண்ணுவதற்கு ஒரு விசித்திர வழி உண்டு. வார்த்தைக்குப் பதிலாக ஒன்றுமில்லாததை வை என்று கட்டளையிட்டு, அதன் வாலில் அதே 'என்' எழுத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் எண்ணும். விட்டுவிட்டால் சொன்னபடியே செய்துவிடும். இந்தப் பதிலிடும் கட்டளை, 1969ல் கென் தாம்ஸன் பெல் ஆய்வகத்தில் எழுதிய 'எட்' வழியாக வந்த சொத்து. காகிதத்தில் வரிவரியாக அடிக்கும் டெலிடைப்புக்குச் செய்தது. அதனால்தான் இத்தனை சிக்கனம். நான் வாலை மறந்தேன். 53 மௌனங்களும் போயின.

திரும்பக் கொண்டுவர 'யு' என்ற ஒரே எழுத்து போதும். தட்டவில்லை. படித்தேன். 'த்தில்', 'மாய்' என்று விகுதிகள் மட்டும் அறுந்து தொங்கின. அவற்றையும் மனசுக்குள் தள்ளிவிட்டுப் படித்தால் பெரும்பாலான கவிதைகளுக்கு நஷ்டமே இல்லை. சில உருப்பட்டே இருந்தன. மழை விட்ட தெருவைப் பற்றிய கவிதையில் கடைசியில் வெறும் சைக்கிள் மட்டும் மிஞ்சியது. அதைத்தான் அவர் பார்த்திருக்க வேண்டும். விமர்சகனுக்குக் கை அரித்தது.

ஒரு கவிதை மட்டும் நொறுங்கிப்போயிருந்தது. மகன் அப்பாவிடம் கேட்கிறான். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த வார்த்தை போனதும் அப்பாவே கவிதையில் இல்லாமல் போனார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அடியில் தேதி போட்டிருந்தார். அந்தச் சாயங்காலத்துக்கு நான்கு மாதம் கழித்து.

'யு'வைத் தட்டினேன். தொகுப்பில் 53ம் இருக்கின்றன. அவர் பெண்ணிடம் ளகரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.