ஜரிகை ஏன் வெள்ளையா இருக்கு தம்பி?

ஒரு கேள்வி பாஸ். உங்க கேமரா பையில் கலர் ஜெல் இருக்கா? இருந்தா, அதுல எது ஃபுல், எது ஹாஃப்னு இருட்டுல தடவிப் பார்த்தே சொல்லிடுவீங்களா? முடியும்னா தாராளமா அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். முடியாதவங்க இப்படி என் பக்கத்துல வந்து உட்காருங்க. இந்த விஷயத்துல என் கணக்குல ஒரு காஞ்சிபுரம் பட்டுப்புடவை பாக்கி நிக்குது. அது என் புடவைகூட இல்லைங்கிறதுதான் கொடுமை!

முதல்ல ஒண்ணு. இது தலைக்குத் தடவுற ஜெல் இல்லீங்க. ஃபிளாஷ் முகத்துக்கு முன்னாடி மாட்டுற மெல்லிசான கலர் ஷீட். ஒரு காலத்துல நிஜமாவே ஜெலட்டின்ல செஞ்சதால வந்த பேர். இப்போ வர்றதெல்லாம் பாலியஸ்டர், பாலிகார்பனேட். 1910-ல் நியூயார்க்கில் ஆரம்பிச்ச ராஸ்கோ, 1967-ல் இங்கிலாந்துல ஆரம்பிச்ச லீ, இந்த ரெண்டு கம்பெனி பேரும் சினிமா லைட் ஆட்களுக்கு அத்துப்படி.

நம்ம பசங்க ஜெல் வாங்கினதும் என்ன பண்ணுவோம்? கல்ச்சுரல்ஸ்ல நண்பனை நிக்கவெச்சு, இந்தக் கன்னத்துல சிவப்பு, அந்தக் கன்னத்துல நீலம். பேய்ப்பட போஸ்டர் ரெடி! ஜாலிதான், வேணாம்னு சொல்லல. ஆனா ஜெல்லோட அன்றாட வேலை வேற. ஃபிளாஷ் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், அதாவது பகல் வெள்ளை. வீட்டு குண்டு பல்பு 3000 கெல்வின் பக்கம், மஞ்சள். ரெண்டையும் ஒரே போட்டோவுல கலந்தா, ஒண்ணு ஆளு நீலமா நிப்பார், இல்லேன்னா பின்னாடி சுவர் ஆரஞ்சா எரியும். ஃபிளாஷுக்கும் ஒரு ஆரஞ்சு ஜெல் மாட்டி பல்போட கூட்டணி சேர்த்துட்டு, கேமராவுல ஒயிட் பேலன்ஸை 'டங்ஸ்டன்'னு வெச்சா பிரச்னை தீர்ந்தது. அந்த ஆரஞ்சுக்குப் பேர் சி.டி.ஓ. லீ கம்பெனி நம்பர்ல 204 ஃபுல், 205 ஹாஃப், 206 க்வார்ட்டர். ஹாஃப் மாட்டினா வெளிச்சம் 3800 வரைக்கும்தான் இறங்கும். ரெண்டு ஹாஃபைச் சேர்த்து மாட்டினா ஏறக்குறைய ஒரு ஃபுல். ஃபுல் முக்கால் ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிடும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

இப்போ அந்தப் புடவைக்கு வர்றேன்.

பிள்ளையார்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், சொந்தத் தறி. அவர் நெய்ய, அக்கா ஊடைக்குத் தார் சுத்திக் கொடுக்க, ஒரு புடவை முடிய பதினஞ்சு நாளாவது ஆகும். இடையில யாரும் வேணாம்னு வாட்ஸ்அப்ல நேரா விக்க ஆரம்பிச்சாங்க. "தம்பி, நீதான் பெரிய கேமரா வெச்சிருக்கியே, நாலு போட்டோ எடுத்துக் கொடேன்"னார். போனேன். தறி ரூம்ல தலைக்கு மேல ஒரே ஒரு மஞ்சள் பல்பு. புடவையை முன்னாடி விரிச்சு, பின்னாடி தறி தெரியணும்னு ஆசை. பையில இருந்த பழைய கல்யாணப் பத்திரிகை கவரைக் கவுத்தேன். உள்ளே என் ஜெல் துண்டுகள் அத்தனையும் கிடந்துச்சு. ஒரு ஆரஞ்சை எடுத்து மாட்டி, ஒயிட் பேலன்ஸ் டங்ஸ்டன், 'க்ளிக்'.

நான் மாட்டினது ஹாஃப்.

தனித்தனியா பார்த்தா ஃபுல்லும் ஹாஃபும் மங்கின ரூம்ல ஒரே ஆரஞ்சுதான். கேமரா ஸ்க்ரீன்ல சுவர், தறி எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சது. ஃபிளாஷ் விழுந்த புடவை மட்டும் லேசா நீலம் பக்கம் சாஞ்சிருந்தது. அரக்கு கலர் புடவை. போட்டோவுல ஒயின் மாதிரி, கொஞ்சம் கத்திரிப்பூ சாயலோட. எனக்கு அது "சூப்பர் ரிச்"சா தெரிஞ்சது. எட்டிப் பார்த்த அக்கா கேட்டாங்க: "ஜரிகை ஏன் வெள்ளையா இருக்கு தம்பி? நம்மது தங்கக் கலராச்சே."

"ஃபிளாஷ் அடிச்சா அப்படித்தான்க்கா"ன்னேன். பெரிய மேதாவி!

வெளியூர்ல ஒரு அம்மா ஒயின் கலர்னு நினைச்சு பணம் அனுப்பினாங்க. பார்சலைப் பிரிச்சா அரக்கு. திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க மேல தப்பே இல்லை. ரெண்டு பக்க கூரியர் செலவும் அண்ணன் தலையில. அந்தப் பணத்துலதான் அடுத்த பாவுக்குப் பட்டு வாங்கலாம்னு இருந்தார். தறி பத்து நாள் சும்மா நின்னுச்சு. நான் போய் தப்பு என்னுதுன்னு சொன்னேன். "போட்டோன்னா முன்னபின்ன இருக்கும் தம்பி, விடு"ன்னுட்டார். திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

கலர் விஷயத்துல இந்த ஊர் சாதாரண ஊர் இல்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமிக்காக இங்கே நெய்த நீலத்துக்கு 'எம்.எஸ். ப்ளூ'ன்னே பேர் நிலைச்சுப்போச்சு. காந்தி ரோடு கடைகள்ல பாருங்க, புடவையைத் தேர்ந்தெடுத்ததும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு தடவை பார்க்காம பில் போட விடுற அம்மாக்கள் ரொம்பக் குறைவு. கடை லைட்டை அவங்க நம்புறதில்லை. நான் என் கேமரா ஸ்க்ரீனை நம்பினேன்.

சரி, மாட்டுறதுல நான் பட்ட பாட்டையும் சொல்லிடறேன். முதல்ல பசை வெல்க்ரோவை ஃபிளாஷ் தலையில ஒட்டினேன். நம்ம மே மாச வெயில்ல பசை இளகி, ஜெல் வழுக்கி விழுந்தது. பசை மட்டும் ஃபிளாஷை விட்டுப் போகவே இல்லை. செல்லோ டேப் அவசரத்துக்கு ஓகே, பத்து தடவை பிச்சு ஒட்டினா ஜெல்லே கிழியும். காந்தத்துல 'டப்'புன்னு ஒட்டிக்கிற ஹோல்டரெல்லாம் விக்குது, வசதி உள்ளவங்க வாங்கலாம். எனக்குக் கைகொடுத்தது பஞ்சர் கடை. கிழிஞ்ச பைக் டியூப்ல ஒரு விரல்கடை அகலத்துக்கு வளையமா வெட்டி வாங்கிக்கங்க, காசுகூட கேட்க மாட்டார். ஃபிளாஷ் தலையில கச்சிதமா உட்காரும், பசை கிடையாது. சைக்கிள் டியூப் பத்தாது, சொல்லிட்டேன்.

ஜெல்லை முகத்தைவிடப் பெரிசா வெட்டுங்க. ரெண்டு பக்கமும் மடிஞ்சு வளையத்துக்குள்ள போகணும். ஓரத்துல வெள்ளை வெளிச்சம் கசிஞ்சா ஜெல் போட்டதுக்கே அர்த்தமில்லை. ஆனா கண்ணாடியோட ஒட்டி இறுக்காம, நடுவுல லேசா தொப்பை விடுங்க. ஃபுல் பவர்ல தொடர்ந்து அடிச்சா சூட்டுல சுருங்கி நெளிஞ்சிடும். அடர் சிவப்பு, அடர் நீலம் வெளிச்சத்தை அதிகமா உறிஞ்சறதால சீக்கிரம் போகும். ராஸ்கோ ஷீட் ஒண்ணு 20-க்கு 24 அங்குலம். 8-க்கு 14 சென்டிமீட்டர் துண்டா வெட்டினா 24 கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பிரிச்சுக்கங்க. பரிசு சுத்துற கண்ணாடிப் பேப்பர் பேய்ப்பட போஸ்டருக்கு ஓகே, புடவைக்கு வேணவே வேணாம்.

அடுக்கி வைக்கிறதை நான் கத்துக்கிட்டது அந்தத் தறி வீட்லயேதான். அக்கா ஒவ்வொரு பட்டுக் கட்டுலயும் ஒரு சீட்டு கட்டியிருப்பாங்க. என்னைக்குச் சாயம் போட்டது, எந்தப் புடவைக்குன்னு. "ரெண்டு நாள் போட்ட அரக்கு ரெண்டும் ஒண்ணு கிடையாது தம்பி. பாதியில மாறிச்சுன்னா புடவையில பட்டை அடிக்கும்"னாங்க. கண்ணுக்கு ஒண்ணா தெரியுற ரெண்டு அரக்குக்கே சீட்டு. நான் ஆரஞ்சை மொத்தமா கவர்ல போட்டுட்டுத் திரிஞ்சிருக்கேன்!

இப்போ என் ஏற்பாடு இது. பிரிண்ட் போட்டா ஸ்டுடியோவுல சும்மா தருவாங்களே, 4-க்கு 6 பிளாஸ்டிக் ஆல்பம், அதுல பக்கத்துக்கு ஒரு ஜெல். மடியுற ஓரத்துல சிடி மார்க்கர்ல பேரும் நம்பரும். நடுவுல எழுதிடாதீங்க. அதோட மூலையில ஒரு வெட்டு: ஃபுல்லுக்கு வெட்டு இல்லை, ஹாஃபுக்கு ஒரு மூலை, க்வார்ட்டருக்கு ரெண்டு மூலை. ராத்திரி புறப்பாட்டுக் கூட்டத்துல முட்டி மோதிக்கிட்டு நிக்கும்போது ஆல்பத்தைப் புரட்ட முடியாது. விரல்தான் கண்ணு. (தீப்பந்தம் 1900 கெல்வின் பக்கம். ஒரு ஃபுல் மாட்டுங்க, மிச்ச மஞ்சள் அப்படியே இருக்கட்டும், அதுதான் அழகு. தூக்கிட்டு வர்றவங்க கண்ணுல மட்டும் ஃபிளாஷ் அடிச்சிடாதீங்க, புண்ணியமாப் போகும்.) ஆல்பத்தை வெயில்ல பைக் டேங்க் கவர்ல விட்டுடாதீங்க, எல்லாம் சுருண்டு அப்பளமாயிடும்.

ஒண்ணை மட்டும் எந்த ஜெல்லாலயும் பிடிக்க முடியல. பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர்னு நெய்யுற மயில் கழுத்துப் புடவை. இந்தப் பக்கம் பார்த்தா நீலம், அந்தப் பக்கம் பச்சை. அதுக்கு ரெண்டு கோணத்துல ரெண்டு போட்டோ எடுத்து ரெண்டையும் அனுப்பச் சொல்லிடறேன்.

அரக்குப் புடவையை மறுபடி எடுத்தேன், ஃபுல் மாட்டி. அக்கா என் கேமராவை ஒரு கையில வாங்கிக்கிட்டு, புடவைத் தலைப்பை இன்னொரு கையில பிடிச்சுக்கிட்டு வாசலுக்குப் போனாங்க. ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "ஜரிகை சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு உள்ளே வந்தாங்க. புடவை விக்க மூணு மாசம் ஆச்சு.