அந்த ஒரு போன்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2020 மே மாதம் நினைவிருக்கும். கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவி, மே 5-ல் சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நம் அரியலூர், பெரம்பலூர் பிள்ளைகள் கிடைத்த லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். ஒரே பெஞ்ச். ஒருவன் ஊர்த் தெரு, இன்னொருவன் காலனி. பெயர் வேண்டாம். இருவரும் பத்தாவதோடு நின்றவர்கள். சந்தையிலும் ஒரே கூலிதான். தனிமைப்படுத்திய முகாமில்கூடப் பக்கத்துப் பக்கத்துப் பாய்.

ஊரடங்கு தளர்ந்ததும் ஊர்த் தெருப் பையனின் அப்பா வீட்டுக்கு வந்தார். காபி குடித்தபடி, "சார், பையனுக்கு ஏதாவது பாத்து விடுங்க" என்றார். எனக்குத் தெரிந்த ஒருவர் சிமென்ட் லோடு ஏற்றும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். ஒரு போன் செய்தேன். மறுவாரமே பையன் வேலையில் சேர்ந்துவிட்டான்.

மற்றவன் வீட்டில் அம்மாவின் நூறு நாள் வேலைதான் சோறு போட்டது. அப்போது அதன் கூலி நாளைக்கு 256 ரூபாய். அடுத்த பொங்கல் கழிந்துதான் அவனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா?" என்றேன். "வீட்டுக்கு வந்து கேக்கலாமான்னு தெரியல சார்" என்றான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவன் அம்மா எத்தனையோ முறை என் வாசல்வரை வந்திருக்கிறார். "உள்ள வாம்மா" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். அஸ்வினி தேஷ்பாண்டே, ராஜேஷ் ராமச்சந்திரன் என்ற பேராசிரியர்கள் செய்தது. 2019 டிசம்பரிலிருந்து 2020 ஏப்ரலுக்குள், வேலையில் இருந்தவர்களின் விகிதம் முற்பட்ட சாதிகளில் சுமார் 7 புள்ளி குறைந்தது. பட்டியல் சாதியினரில் சுமார் 20 புள்ளி. படிப்பும் நிலையான வேலையும் இருந்தவர்கள் அதிகம் தப்பினார்கள் என்கிறார்கள். சரிதான். ஆனால் என் பிள்ளைகள் இருவருக்கும் படிப்பு ஒன்றுதானே? இடையில் வந்தது என் போன்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 2020 ஏப்ரலில் வேலையின்மை வெள்ளையரிடம் 14.2 விழுக்காடு, கறுப்பரிடம் 16.7. விழும்போது கிட்டத்தட்டச் சேர்ந்தே விழுந்தார்கள். ஆகஸ்டில் வெள்ளையருக்கு 7.3 ஆகக் குறைந்துவிட்டது. கறுப்பருக்கு 13-ல் நின்றது.

"படிங்கடா, பொழச்சுக்கலாம்" என்று வருஷக்கணக்கில் வகுப்பில் சொன்னவன் நான். அது பாதிதான் உண்மை. யாருக்குச் சொல்லிவிட ஆள் இருக்கிறது என்பது மீதி.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் இடத்தில் ஆள் எடுத்தால் சொந்தக்காரப் பையனிடம் மட்டும் சொல்லாதீர்கள். இங்கே கமெண்டில் போடுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். கேட்கத் தயங்குகிறவர்கள் நேராக வீட்டுக்கே வாங்க. உள்ளே உட்கார்ந்து பேசலாம்.

உங்கள் சார்