பனிக்குள் இருந்த வேலி

வசந்தம் என்றவுடன் மாம்பூவும் குயிலோசையும் நினைவுக்கு வரும் மண்ணில் பிறந்தவர்கள் நாங்கள். வாழ்வதோ நோர்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்திற்கும் அப்பால் ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவில், ஒரு தீவின் மேல் அமைந்த ட்ரொம்சோ நகரில். 1980களில் வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கென வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று.

இங்கே வசந்தம் வெப்பமாக வருவதில்லை, வெளிச்சமாகவே வருகிறது. நவம்பர் இறுதியில் மறையும் கதிரவன் ஜனவரி நடுப்பகுதி வரை அடிவானத்தைத் தாண்டுவதில்லை. மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகிவிடும். ஆயினும் முற்றத்தில் பனி இடுப்பளவு கிடக்கும். ஏப்ரலில் கூரை விளிம்பு சொட்டத் தொடங்கும். கருநிற அடிமரங்கள் வெயிலை உறிஞ்ச, அவற்றைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் விழும். சிவந்த அலகுடைய கருவெள்ளைக் கடற்பறவைகள் கரையோரம் வந்து கூவும். பின்னர் பனி, தான் விழுங்கியவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பித் தரும். கடைசியாகப் புதைந்ததே முதலில் வெளிவரும்: மார்ச்சில் பிள்ளை தொலைத்த கையுறை, அதன்பின் புத்தாண்டு வாணவெடிகளின் எச்சங்கள், அதற்கும் கீழே இலையுதிர் காலத்தின் கருகிய இலைகள்.

1997 ஆம் ஆண்டை நாங்கள் மறக்கமாட்டோம். அவ்வாண்டு ஏப்ரல் 29 ஆம் நாள் ட்ரொம்சோவில் தரைமேல் கிடந்த பனியின் ஆழம் 240 சென்ரிமீற்றர் என அளவிடப்பட்டது. இன்றுவரை இந்நகரில் அதுவே உச்ச அளவு. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை என வாசலைச் சவளால் வெட்டித் திறந்தோம். அள்ளிய பனியைப் போட இடமில்லை. எங்கள் முற்றத்துக் குவியல் ஆளுயரத்தைத் தாண்டியபோது, அயல்வீட்டு முதியவரின் வேலிப்பக்கமாக வீசத் தொடங்கினோம். அங்கே அவர் ‘ரிப்ஸ்’ எனப்படும் சிவந்த சிறுபழச் செடிகளை வரிசையாக வளர்த்திருந்தது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வீசினோம். வேலியும் செடிகளும் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாதது மனத்தை உறுத்தவுமில்லை.

மே மாதம் பிறந்தது. விரைவில் உருகட்டும் என்று குவியலின்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவினோம். மே 20 அளவில் கதிரவன் மறைவதை நிறுத்திவிட்டது. நள்ளிரவிலும் வெயில் அடித்தது; பனியோ இன்னும் கிடந்தது. வீதியோரம் மஞ்சட் பூக்கள் தரையோடு ஒட்டி மலர்ந்தன. அதன்பின்னரே, ஜூன் மாதத்தில், எங்கள் குவியல் அடிவரை இறங்கியது.

முதலில் கண்டவள் எங்கள் மகள். “அம்மா, அப்பா, தாத்தாவின் வேலி படுத்துக் கிடக்கிறது” என்றாள்.

சென்று பார்த்தோம். இறுகி அமிழ்ந்த பனி தன்னோடு கொப்புகளையும் கீழே இழுத்திருந்தது. மூன்று செடிகள் அடியோடு பிளந்திருந்தன. இரண்டு பலகைகள் முறிந்திருந்தன.

“பனிதானே முறித்தது” என்றார் எங்களுள் ஒருவர். மற்றவர் பேசவில்லை. இரண்டு நாள்கள் அந்தப் பக்கத்து யன்னல் திரையை நாங்கள் விலக்கவில்லை. இரவென்று ஒன்று இருந்தால் இருளில் மறந்து உறங்கலாம். அந்த நாள்களில் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் மாலை இருவருமாகப் போய் அவர் கதவைத் தட்டினோம். நாங்கள்தான் போட்டோம், தெரிந்தே போட்டோம் என்று எங்கள் கொச்சை நோர்வே மொழியில் சொன்னோம்.

முதியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். “பெப்ரவரியிலேயே சமையலறை யன்னலால் பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அன்றே வந்து சொல்லியிருந்தால் செடிகள் பிழைத்திருக்கும். முறிந்ததில் என் பங்கும் உண்டு” என்றார்.

பிறகு ஒரு வாளை எடுத்துவந்தார். பிளந்த தண்டுகளை நிலமட்டத்தில் எப்படி அறுப்பது என்று காட்டித்தந்தார். வேர் உயிரோடிருந்தால் அடியிலிருந்து துளிர்க்கும் என்றார். அவர் பிடிக்க நாங்கள் அறுத்தோம். பலகைகளை வாங்கிவந்து ஆணி அடித்தோம். அந்த வாரந்தான் பேர்ச் மரங்கள் இலை விட்டன. அந்தச் சின்னஞ்சிறு இலைகளை இந்நாட்டார் ‘சுண்டெலிக் காது’ என்பார்கள். அந்தச் சொல்லை எங்கள் மகளுக்குக் கற்றுத் தந்தவர் அவர்.

அறுத்த செடிகள் அக்கோடையிலேயே துளிர்த்தன. மூன்றாம் கோடையில் காய்த்தன. ஒரு பாத்திரம் நிறையப் பழம் எங்கள் வாசலுக்கு வந்தது.

அதன்பின் எத்தனையோ குளிர்காலங்கள் கடந்துவிட்டன. பனி அள்ளும்போது அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, முற்றத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோகிறோம். முதுகு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பனி உருகும் நாளை எண்ணி நாங்கள் அஞ்சுவதில்லை. ஆறு மாதம் எதை மூடிவைத்தாலும் ஏழாம் மாதம் வெளிச்சம் வந்தே தீரும். அது வரும்வரை காத்திராமல், பெப்ரவரியிலேயே அயலவரின் கதவைத் தட்டுவது எல்லார்க்கும் எளிது. அந்த ஆண்டின் வசந்தம் எங்கள் இரு வீட்டாருக்கும் கற்பித்த பாடம் இதுவே.