புளித்தண்ணீரில் குளித்த ஹெர்குலிஸ்

பாத்திரம் துலக்கத் தெரிந்த எந்தப் பெண்ணாலும் துருப்பிடித்த சைக்கிளைத் துலக்கிவிட முடியும். என்ன சகோதரிகளே, சிரிக்கிறீர்களா? வேண்டுமானால் காடாம்புலியூருக்கு வந்து பாருங்கள். என் மாமனார் 1969ல் வாங்கிய ஹெர்குலிஸ் சைக்கிளில் இன்றைக்கு என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. முந்திரித் தோப்பை ஒட்டி மூன்று கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது. பெண் ஒன்பதாம் வகுப்பு. இவர் விடியற்காலை ஐந்து மணிக்கே நெய்வேலிப் பக்கம் வேலைக்குக் கிளம்பிவிடுவார். மினி பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அரசாங்க சைக்கிள் வருமே என்பீர்கள். 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்த நல்ல திட்டம்தான். ஆனால் அது பிளஸ் ஒன்னில் அல்லவா வரும்? அதுவரை இரண்டு வருஷம் என்ன செய்வது? புதுசு வாங்கக் கையில் அவ்வளவு பணம் இல்லை. அப்போதுதான் கொல்லைப்புறத்தில் கிடந்த வண்டியின் மேல் என் கண் போயிற்று.

மாமனார் அந்தக் காலத்தில் தோப்பு தோப்பாகப் போய் முந்திரிக்கொட்டை வாங்கி, கேரியரில் மூட்டை கட்டிப் பண்ருட்டிக்கு மிதிப்பார். ஹெர்குலிஸ் என்பது இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பெயர். 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்த பிறகு நம் ஊர்ச் சரக்காகவே ஆகிவிட்டது. மாமனார் காலமான பிறகும் அத்தை அதைத் துடைத்துத் துடைத்துத் திண்ணையோரக் கொட்டகையில் வைத்திருந்தார். 2011 டிசம்பர் 30ந் தேதி வந்ததே தானே புயல், அன்று பலாமரம் சாய்ந்து கொட்டகை மேலேயே விழுந்தது. எங்கள் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு போன அந்த நாளில் சைக்கிளை யார் நினைத்தார்கள்? அதற்கப்புறம் அது கொல்லைதான், மழைதான், வெயில்தான்.

துரு என்பது வேறொன்றுமில்லை. இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் வருவது. கடல் காற்றின் உப்பு சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும். எங்கள் ஊர் மண் சிவப்பாக இருப்பதற்கும் அதே இரும்புத் துருதான் காரணம் என்று என் பெண்ணின் அறிவியல் புத்தகம் சொல்கிறது. மேலே படர்ந்த துரு சருமத்து அழுக்கு மாதிரி, தேய்த்தால் போய்விடும். உள்ளே அரித்த துரு சொத்தைப் பல். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. பிரேமை ஒரு கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல குழாய் 'டிங்'கென்று சொல்லும், அரித்த இடம் 'டொக்'கென்று மண்பானை விரிசல் மாதிரிப் பேசும். குழாய்கள் வந்து சேரும் மூட்டுகளிலும், பெடல் அச்சுக்கு அடிப்பக்கமும் திருப்புளி முனையால் அழுத்திப் பார்த்தேன். எங்கும் உள்ளே போகவில்லை. பிரேம் தப்பியது!

கழற்றும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். வலது பெடல் எல்லா மரையையும் போல இடப்பக்கம் திருகினால் கழலும். இடது பெடல் நேர் எதிர். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் திருகி மரையைக் கெடுத்தவர்கள் ஏராளம். இறுகிப்போன மரைகளுக்கு இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஆகி மண்ணை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மெஷின் எண்ணெய்தான் சரி.

அப்புறம் புளி. பூஜைப் பாத்திரம் துலக்குகிறோமே, அதே பழம்புளிதான். கெட்டியாகக் கரைத்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் நட்டு, போல்ட், கிராங்க், ஸ்டாண்டு, கேரியர் கம்பி எல்லாவற்றையும் ஓர் இரவு போட்டு வைத்தேன். காலையில் தண்ணீர் கறுத்துப்போய், தேங்காய் நார் பட்டதும் துரு சேறாகக் கழன்று வந்தது. புளியில் உள்ள அமிலம் செய்யும் வேலை அது. அதோடு விட்டுவிடக் கூடாது. ஆப்பசோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடைத்து, வெயிலில் வைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவ வேண்டும். அரை மணி ஈரமாக விட்டால் போதும், மறுபடி மஞ்சள் பூத்துவிடும். ஹாண்டில் பார், ரிம் போன்ற முலாம் பூசிய சாமான்களைப் புளியில் போடவில்லை. சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். அலுமினியம் மெத்தென்றது, முலாமைக் கீறாது, துருவை மட்டும் எடுக்கும். பின் ரிம்மைத் துலக்கி முடித்தபோது என் முகமே அதில் தெரிந்தது. எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்!

பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் ஐந்து நிமிஷத்தில் போய்விடுமே என்று பலர் சொன்னார்கள். துருவோடு இரும்பையும் தின்னும் சாமான் அது. அதன் புகை நெஞ்சைப் பிடிக்கும். பிளீச்சிங் பவுடரோடு தப்பித் தவறிக் கலந்தால் விஷ வாயுவே கிளம்பும். பக்கத்து வீட்டம்மா முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவு, துருவே அண்டாது என்றார். தொழிற்சாலைகளில் அந்த எண்ணெயைப் பக்குவப்படுத்தி பெயிண்டுக்கும் மோட்டார் பிரேக்குக்கும் பயன்படுத்துவது உண்மைதான். பச்சையாகத் தொட்டால் தோல் வெந்துபோகும். கொட்டை உடைக்கும் எங்கள் ஊர்ப் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இளம் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்தச் சமயம் என் நாத்தனார் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். கூட ஒன்றரை வயதுப் பையன். கீழே எது கிடந்தாலும் வாயில்தான். பழைய பெயிண்டில் ஈயம் சேர்ப்பது அந்த நாளில் சகஜம். உங்கள் சைக்கிளில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தையின் உடம்பில் ஏறும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றில் இருக்கும் சிசுவையும் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே அதற்குக் கிடையாது.

ஆகவே நாத்தனாரையும் பையனையும் முன்கட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன். கிணற்றடிக்குத் தள்ளி, பழைய தார்ப்பாய் விரித்து, முகத்தில் மாஸ்க் கட்டி, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் தேய்த்தேன். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி வீடு முழுக்கப் பறக்கும். வழிந்த சேற்றைப் பழந்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போட்டேன். எரிக்கவில்லை, கிணற்றுப் பக்கம் கொட்டவுமில்லை. கட்டியிருந்த புடவையைத் தனியே துவைத்து, குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கினேன். புதுப் பெயிண்ட் வாங்கும்போதும் டப்பாவைப் படியுங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று சட்டம் வந்து, 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது.

பால்ஸ், செயின் கழுவ மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. டீசல் வாங்கி வந்தோம். இதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. குழந்தை குடித்துவிட்டால் எக்காரணம் கொண்டும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும், அதுதான் ஆபத்து. நேரே ஆஸ்பத்திரிதான்.

உதவிக்கு வந்த என் பெண்ணின் விரலில் அறுந்த போக்ஸ் கம்பி ஒன்று கீறிவிட்டது. "துரு குத்திடுச்சே, ஜன்னி வந்துடுமே!" என்று அத்தை பதறினார். இரண ஜன்னிக் கிருமி துருவிலிருந்து பிறப்பதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. அழுக்குப் படிந்த கம்பி ஆழமாகக் குத்தினால் அது உள்ளே போக வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். பத்து வயதில் போடும் டி.டி. ஊசி போட்டிருந்தது. உங்கள் பிள்ளைகளுக்குப் பத்திலும் பதினாறிலும் போட்டாயிற்றா என்று பாருங்களேன்.

எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தபோதுதான் போர்க்கில் சிக்கல் வந்தது. முன் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கவட்டை அது. பெயிண்ட் போனதும் அதன் தோள்பட்டையில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்மா, பின்னாடி எது உடைஞ்சாலும் வண்டி நின்னுடும். போர்க்கு உடைஞ்சா ஆளு மூஞ்சி குப்புற விழும். பத்த வெச்சுத் தரச் சொல்லாதே, புதுசு போடு" என்றார்.

வீட்டில் அத்தை ஒப்பவில்லை. செயின் மாற்றினேன், சீட்டு மாற்றினேன், டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதுசு. ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறக்காமல் இருந்தவர், போர்க்கு என்றதும் எழுந்து வந்துவிட்டார். "அவரு கை பட்ட சாமானை ஒண்ணொண்ணா கழட்டிப் போட்டுட்டா, அப்புறம் அது யாரு வண்டி?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நியாயமான கேள்விதானே? பெண் போகிற வழியில் கும்பகோணம் ரோட்டைக் கடக்க வேண்டும். லாரியும் பஸ்ஸும் என்ன வேகத்தில் வருகின்றன என்பது அத்தைக்கும் தெரியும். நான் விவாதம் பண்ணவில்லை. போர்க்கை அவர் மடியில் வைத்து, அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். நகம் சிக்கியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "புதுசு போடு. இதைப் பழைய இரும்புக்கு மட்டும் போட்டுடாதே" என்றார். எண்ணெய் தடவிய துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறோம்.

பெரியவர் கோட்டம் எடுத்து, பால்ஸ் மாற்றிக் கொடுத்தார். நடு அச்சுக்குப் பக்கத்துக்குப் பதினொன்று, பின் சக்கரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்பது, முன் சக்கரத்துக்குச் சின்னதாகப் பத்து என்று என் பெண்ணை எண்ண வைத்தார். ஆக மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு கை, கறுப்பு எனாமல் இரண்டு கை அடித்தேன். துருவிலிருந்து காக்கிற அந்தச் சிவப்புப் பொடியும் ஒரு வகை இரும்புத் துருதானாம், வேடிக்கையைப் பாருங்கள்! பெயிண்ட் வாசனை போகும்வரை நாத்தனாரைக் கொல்லைக் கதவையே திறக்க விடவில்லை.

அடுத்து ஊர் வாய். "வயசுக்கு வந்த பொண்ணு, அதுவும் பார் வெச்ச ஜென்ட்ஸ் வண்டி, கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்?" சைக்கிள் மிதிப்பதால் கர்ப்பப்பைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. தூரமான நாட்களிலும் உடம்பு ஒத்துழைத்தால் ஓட்டலாம். பார் வைத்த வண்டியைப் பற்றிப் புதுக்கோட்டைப் பெண்களைக் கேளுங்கள். 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலைக்காரர்கள், ஆயாக்கள் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் வண்டியே ஓட்டியதில், அதுதான் வசதி என்று சொன்னவர்களும் உண்டு. பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

என் பெண் முதல் வாரம் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல்தான். சீட்டை அடிவரை இறக்கி, இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி வைத்துக்கொடுத்த பிறகு மேலே ஏறினாள். ஓட்டம் பழகியதும் சீட்டைக் கொஞ்சம் உயர்த்தினேன். பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நேராகி, முட்டி லேசாக மடங்கி இருக்க வேண்டும். தாழ்வான சீட்டில் நாள் முழுக்க மிதித்தால் முட்டிவலிதான் மிஞ்சும். ரோட்டைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

மழையில் நனைந்து வந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விட வேண்டும். அந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வண்டி வந்ததும், பழைய பனியன் துணியும் எண்ணெய்க் குப்பியுமாக உட்கார்ந்துவிடுகிறார். "செயினுக்கு உள்பக்கமா சொட்டு விடணும். வெளிப்பக்கம் விட்டா துணியிலதான் ஒட்டும்" என்று நேற்று எனக்கே பாடம் நடந்தது. மாமனார் அப்படித்தான் விடுவாராம்.